டார்பிடோவும் காற்றுப்பையும்

கொல்கத்தாவின் கார்டன் ரீச் 1884 முதல் கப்பல் கட்டும் இடமாக இருந்துவருகிறது. அங்குள்ள பொதுத்துறைத் தளம் கட்டிய ஐ.என்.எஸ். கமோர்ட்டா என்னும் நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்க்கப்பல் 2014 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. அதன் ஆயுதங்களுள் டார்பிடோவும் உண்டு. அதே ஆண்டு மே மாதம், அதே ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், சற்று வடக்கே உள்ள உத்தர்பாராவில் அம்பாசடர் காரின் உற்பத்தி நின்றது. காற்றுப்பை இல்லாமலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார் அது. டார்பிடோவுக்கும் காற்றுப்பைக்கும் உள்ள உறவு பலர் அறியாதது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஜான் ஹெட்ரிக், பழுதுபார்க்கப்பட்ட டார்பிடோ ஒன்றிலிருந்து அழுத்தப்பட்ட காற்று திடீரென வெளியேறி, மேலே மூடியிருந்த கான்வாசைக் கூரைவரை தூக்கியெறிந்ததைக் கண்டவர். 1952இல் அவர் ஓட்டிய கார் பள்ளத்தில் இறங்கியபோது, அவரும் மனைவியும் முன்னிருக்கையில் இருந்த மகளைக் காக்கத் தம்மையறியாமல் கைகளை நீட்டினர். அந்தக் கைகளின் வேலையைச் செய்ய ஒரு பொருள் வேண்டும் என்று எண்ணியபோது பழைய கான்வாஸ் நினைவுக்கு வந்தது. 1953இல் காப்புரிமை கிடைத்தது; அதனால் அவருக்குப் பணம் வரவில்லை. ஜெர்மனியின் வால்டர் லிண்டரரும் அதே காலத்தில் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

டார்பிடோ தந்த கருத்தை அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டே நிறைவேற்ற முடியவில்லை. மோதலின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. பின்னாளில் சோடியம் அசைடு என்னும் வேதிப்பொருளைப் பற்றவைத்து நைட்ரஜனை உண்டாக்கினர். ஆகவே காற்றுப்பை என்பது பெயரளவில்தான் காற்றுப்பை. நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் அது விரிகிறது. தலை வந்து படும்போது பையின் துளைகள் வழியே வாயு வெளியேறத் தொடங்கிவிடுகிறது. வெளியேறாவிட்டால் பையே இன்னொரு சுவராகிவிடும். தலை நிற்பதற்கு எடுக்கும் நேரம் நீளும்போது அதன்மீது விழும் விசை குறைகிறது. கப்பல் துறையில் மோதாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் தாங்கிகள் செய்வதும் இதையே.

பையின்மேல் எழுதப்பட்டிருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் படிப்போர் சிலரே. அவற்றின் முதற்சொல்லுக்குத் ‘துணையான’ என்று பொருள். எதற்குத் துணை? இருக்கைப் பட்டைக்கு. பட்டை அணியாதவர் பை விரியும் கணத்தில் அதற்கு மிக அருகே சென்றுவிடுகிறார். அப்போது காக்கவேண்டிய பையே அடித்துவிடும். 1990களில் அமெரிக்காவில் பை விரிந்த வேகத்தால் இறந்தவர்களில் குழந்தைகள் பலர். முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துச் செல்லும் நம் வழக்கத்தை இதனோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் வெளியிட்ட மோதல் சோதனை முடிவுகளில், காற்றுப்பை இல்லாத ஐந்து இந்தியக் கார்கள் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஓட்டுநருக்கான பை 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று. ஆறு பைகளைக் கட்டாயமாக்கும் 2022ஆம் ஆண்டு வரைவு முதலில் தள்ளிவைக்கப்பட்டு, 2023இல் கைவிடப்பட்டது. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பட்டை அணியாமல் இருந்தார். முன்னிருக்கைக்கென்று விரியும் பை பின்னிருப்பவரை எட்டுவதில்லை. பின்னிருக்கைப் பட்டையோ, அதற்கு முன்பே சட்டப்படி கட்டாயம்.