ஐம்பது பள்ளங்களும் எட்டுக் கால்களும்

மலைநாட்டுச் சிலந்தியைப் பற்றி இங்கிலாந்துக்காரர்களுக்கு முதன்முதலாகக் கதை சொன்னவர்களில் ஒருவர் ஒரு கைதி. பெயர் ரொபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் போன கப்பலைத் திருத்துவதற்காகத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் நின்ற கூட்டத்தில் அவரும் இருந்தார். 1660 இல் கண்டி ராசாவின் ஆட்களிடம் அகப்பட்டவர், 1679 இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்துக்குள்ளேயே கிடந்தார். 1681 இல் லண்டனில் வெளியான அவருடைய புத்தகத்தில் நம்ம ஊர்ப் பெயரும் வருகிறது. வலப்பனை என்றால் ஐம்பது குழிகள் அல்லது பள்ளங்கள், அந்த நாட்டின் அமைப்பே அதுதான் என்று விளக்கமும் எழுதியிருக்கிறார். சிங்களத்தில் 'வள' என்றால் குழி, 'பனஹ' என்றால் ஐம்பது. ராகலையில பஸ் ஏறி வலப்பனைக்கு இறங்கிப் பார்த்தவங்களுக்கு இந்த விளக்கத்தில் சந்தேகமே வராது.

அதே புத்தகத்தில் 'தெமோகுலோ' என்று ஒரு பிராணி வருகிறது. கறுப்பு, உடம்பெல்லாம் மயிர், புள்ளி, மினுமினுப்பு. உடல் மனிதனின் கைமுட்டி அளவு. மரப்பொந்துகளில் இருக்கும். கடித்தால் ஆள் சாக மாட்டார், ஆனால் வலியில் கொஞ்ச நேரம் புத்தி தடுமாறும் என்கிறார். சிங்களத்தில் இன்றும் 'திவி மகுளுவா' என்று சொல்வதைத்தான் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். திவியா என்றால் சிறுத்தை, மகுளுவா என்றால் சிலந்தி. தமிழில் புலிமுகச் சிலந்தி. கைமுட்டி அளவு என்பதில் கொஞ்சம் பயம் கலந்திருக்கிறது, அதை விட்டுவிடுவோம். மற்றபடி அந்தக் கைதி சொன்னது இன்றைய மருத்துவத்தோடு ஆச்சரியமான அளவுக்குப் பொருந்துகிறது. இந்தச் சிலந்தி கடித்தால் கடுமையான வலி வரும், தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டு விட்டு வரலாம், ஆனால் உயிர் போவதில்லை. யாரோ ஒரு கிராமத்து ஆள் சொல்லித்தான் நொக்ஸுக்கு இது தெரிந்திருக்கும். அந்த ஆளின் பெயர் புத்தகத்தில் இல்லை.

புலிமுகச் சிலந்திக்கு விஞ்ஞானப் பெயர் பொசிலோதீரியா. உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்தப் பேரினம் இயற்கையாக இருக்கிறது. இது வட்டமாக வலை கட்டி இரைக்குக் காத்திருக்கிற ஜாதி இல்லை. பகலில் பொந்துக்குள் பதுங்கி, இரவில் மரத்தில் வேட்டையாடும். நூலை வீட்டின் உட்சுவருக்குத்தான் பயன்படுத்தும். நம்ம லயத்துக் கூரையில் ஒட்டடை கட்டுகிறதும், காலையில் தேயிலைச் செடிக்கு மேலே பனித்துளியோடு வலை விரிக்கிறதும் வேற வேற சிலந்திகள். நாம எல்லாத்தையும் சேர்த்து எட்டுக்கால் பூச்சி என்று முடிச்சிடுறோம். உண்மையில் சிலந்தி பூச்சியே இல்லை. பூச்சிக்கு ஆறு கால். சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் தனிக் குடும்பம்.

சிலந்தியின் காலில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. முக்கியமான மூட்டுகளில் காலை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உள்ளே இருக்கிற திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டும், புல்டோசரின் கையை எண்ணெய் அழுத்தம் நீட்டுற மாதிரி. செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பது அதனால்தான்.

லயத்தில் சிலந்திக்கு நல்ல பெயர் இல்லை. உடம்பில் திடீரென்று கொப்புளம் வந்தால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் அடிச்சிருச்சு" என்பார்கள். சிலந்தி அப்படி ஒன்றும் செய்வதில்லை. பல நேரம் அது ஒரு சின்ன வண்டு வேலை. லைட்டைத் தேடி வந்து தோலில் உட்கார்ந்ததை நசுக்கிவிட்டால், அதன் உடம்பில் உள்ள நஞ்சு தோலைச் சுட்டுவிடும். சில நேரம் அக்கியாக இருக்கும். பழி மட்டும் மூலையில் சும்மா இருக்கிற சிலந்திக்கு.

நொக்ஸுக்கு இருநூறு வருடம் கழித்து, சிலந்தி விஞ்ஞானம் நம்ம மலைக்கே வந்தது. வந்த வழி கோப்பித் தோட்டம். இறம்பொடையில் ஜோன் நீட்னர் என்று ஒரு பிரஷ்யாக்காரர் கோப்பித் துரையாக இருந்தார். பூச்சிப் பைத்தியம். கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி 1861 இல் ஒரு நூலே எழுதினார். அவர் சேர்த்த சிலந்திகள் இங்கிலாந்தில் டோர்செட் பக்கம் ஒரு கிராமத்துப் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தன. பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் என்ற அந்தப் பாதிரியார் அக்காலத்துச் சிலந்தி ஆய்வில் பெரிய தலை. 1869 இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அவர் வெளியிட்ட பட்டியலின் தலைப்பிலேயே, திரு. நீட்னரிடமிருந்து அண்மையில் பெற்ற இலங்கைச் சிலந்திகள் என்று இருக்கிறது. விஞ்ஞானத்துக்குப் புதியவை என்று அதில் விவரிக்கப்பட்டவை பல.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி. ஒரு துரை இத்தனை சிலந்தியையும் தனியாகவா பிடித்தார்? தோட்டத்தில் புல் வெட்டியவர்கள், கான் வெட்டியவர்கள், கோப்பிப்பழம் பறித்தவர்கள் எல்லாம் திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரைப் பக்கமிருந்து கங்காணி கூட்டி வந்த சனங்கள். காடு வழியே நடந்து வந்து, மாத்தளைப் பாதையில் செத்தவர்கள் போக மிச்சம். செடிக்கு அடியில் கை விடுகிறவருக்குத்தான் சிலந்தி எங்கே இருக்கும் என்று தெரியும். யாராவது ஒரு சின்னப் பையன் போத்தலில் பிடித்துக் கொடுத்து ஒரு செப்புக்காசு வாங்கியிருப்பான் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான். பட்டியலில் வருகிற பெயர்கள் இரண்டு, அனுப்பினவர், எழுதினவர். பட்டியலில் பெயர் இல்லாதது நமக்குப் புதுசும் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாமாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது, 2003 வரை அந்தக் கணக்கு இழுத்தது.

அதே 1869 இல்தான் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. ரெண்டு பத்தாண்டுக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை மலையைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சனங்கள் விட்டுவந்த ஊரிலும் ஒரு சிலந்தி இருந்தது. திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்கா. கதை பலருக்குத் தெரிந்ததுதான். நாவல் மரத்தடியில் லிங்கம். மேலே சருகு விழாமல் ஒரு சிலந்தி தன் நூலால் பந்தல் போடுகிறது. யானை தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டிப் பூசை செய்கிறது. யானையின் கண்ணுக்குச் சிலந்திப் பந்தல் வெறும் ஒட்டடை, அசுத்தம். பிய்த்துப் போடுகிறது. சிலந்தி மறுபடி கட்டுகிறது. மறுபடி பிய்க்கிறது. கடைசியில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை தும்பிக்கையைத் தரையில் அடிக்க, ரெண்டும் சாகின்றன. சிலந்தி சோழ ராசாவாகப் பிறக்கிறது. நல்ல நேரம் வரும்வரை பிரசவத்தைத் தள்ள, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள் என்றும், அதனால் பிள்ளை சிவந்த கண்ணோடு பிறந்தது என்றும் சொல்வார்கள். அவர்தான் கோச்செங்கட் சோழன், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகப் பாடினார். அதற்கு முன்னமே தேவாரத்திலும் சிலந்தி சோழனான செய்தி உண்டு. காளத்திக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் சேர்ந்துதான் சீகாளத்தி என்ற பெயர் என்பார்கள்.

இந்தச் சோழனுக்கு வரலாற்றிலும் ஒரு நிழல் இருக்கிறது. சேரன் கணைக்கால் இரும்பொறையை வென்ற செங்கணானைக் களவழி நாற்பது பாடுகிறது, ரெண்டு பேரும் ஒருவரே என்று கொள்கிறவர்கள் பலர். அவர் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்கள் உயரமான மேடையில் இருக்கும். யானை ஏற முடியாதபடி கட்டினார், போன ஜென்மத்துப் பகை என்பது மக்கள் சொல்லும் காரணம். வெள்ளத்துக்காக உயர்த்தியிருக்கலாம் என்று கட்டடக்கலைக்காரர் யாரும் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் மக்கள் சொன்ன காரணத்தில்தான் ருசி இருக்கிறது. ஏனென்றால் கதை சிலந்தியின் பக்கம் நிற்கிறது. தினமும் உழைத்துக் கட்டியதைப் பெரிய ஆள் குப்பை என்று தட்டிவிட்டுப் போக, அடுத்த நாள் மறுபடி கட்டத் தொடங்குகிற சின்ன உயிர். இதில் விஞ்ஞானமும் ஒத்துப்போகிறது. வட்ட வலை கட்டும் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுத் தினமும் புதிதாகக் கட்டும். நூல் புரதம் என்பதால் தின்றது வீணாகாது, அடுத்த நூலுக்கு ஆகும்.

கடல் தாண்டின சிலந்தி வேறொன்றும் உண்டு. மேற்கு ஆபிரிக்காவின் அக்கான் மக்களுடைய கதைகளில் வரும் அனான்சி. அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோனவர்களோடு அது ஜமெய்க்காவுக்குப் போனது. பலம் இல்லாத சிலந்தி தந்திரத்தால் புலியையும் பாம்பையும் ஏமாற்றும். சவுக்கடி வாங்கினவர்கள் இராத்திரியில் ஏன் அந்தக் கதையைச் சொன்னார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. நம்ம ஆட்களோடு காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் மாரியம்மனும் மலையேறின. சிலந்திச் சோழன் அந்த அளவுக்கு ஏறவில்லை. கோயில் புராணமாகவே கீழே நின்றுவிட்டார். ஒரு கூத்தாக வந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

நம்ம தலைமுறைக்குச் சிலந்தி என்றால் ஸ்பைடர்மேன். 1962 ஆகஸ்ட் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டர் பார்க்கரைக் கதிரியக்கச் சிலந்தி கடிக்க வைத்தார்கள். 2004 இல் பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் காமிக்ஸில் வந்தான், 2023 இல் திரைக்கும் வந்தான். மூலக் காமிக்ஸில் அவனுக்குச் சக்தி கொடுப்பது சிலந்திக்கடி இல்லை, ஒரு யோகி. இந்தியா என்றதும் யோகியைத் தேடிப் போகிற அவசரம் இது. திருவானைக்காவுக்குப் போயிருந்தால் சிலந்தியே மனிதனான கதை ரெடியாகக் கிடைத்திருக்கும்.

மலைக்கே திரும்புவோம். தேயிலைச் செடியில் சிலந்தி செய்கிற வேலைக்குப் பேர் போடுகிற செக்ரோல் கிடையாது. செடியைத் தின்கிற சின்னப் பூச்சிகளை அது தின்கிறது, அவ்வளவுதான். இந்த மாதிரிக் கூட்டாளிகளைக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மலையிலேயே பாடம் இருக்கிறது. இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். நன்றாக வேலை செய்தது. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் மருந்தை அடித்தபோது குளவி அடிபட்டு, புழு மறுபடி பெருகியது. வெளிநாட்டுக் குளவிக்காவது கோப்பில் ஓர் இடம் இருந்தது. அந்த மருந்தில் எத்தனை சிலந்தி செத்தது என்று யார் எண்ணினார்கள்? மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவர்களின் நெஞ்சு பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

புலிமுகச் சிலந்திக்கு வருவோம். மலைநாட்டு இனமான சப்ஃபஸ்காவுக்கு 1895 இல் லண்டன் அருங்காட்சியகத்தின் போகொக் பெயர் வைத்தார். மங்கல் நிறம் என்று அர்த்தம். போரின் பிறகு மாங்குளத்தில் நடந்தது வேறு மாதிரி. 2009 இல் ஊர் ஆட்கள் ஒரு செத்த சிலந்தியை ஆய்வாளர் ரணில் நாணயக்காரவிடம் காட்டினார்கள். தேடிப் போனதில் பழைய ஆஸ்பத்திரியின் டொக்டர் குவாட்டர்ஸிலும் அது இருந்தது. கால் விரித்தால் சுமார் 20 சென்டிமீட்டர். 2012 இல் புதிய இனமாக அறிவித்து 'ராஜேயி' என்று பெயரிட்டார்கள், அந்த ஆபத்தான இடங்களில் வழிகாட்டிய பொலிஸ் இன்ஸ்பெக்டர் மைக்கல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக. வழிகாட்டினவர் பெயர் சிலந்தியில் ஏறியிருக்கிறது.

இன்று இந்தச் சிலந்திகளுக்கு ரெண்டு எதிரி. ஒன்று, பொந்துள்ள பழைய மரங்கள் போவது. மற்றது, அழகுக்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற ஆசை. 2018 இல் அமெரிக்கா, சப்ஃபஸ்கா உட்பட இலங்கையின் 5 இனங்களை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 2019 இல் இலங்கையும் அமெரிக்காவும் கேட்டதன்பேரில் முழுப் பேரினமும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

லயத்துக்குள்ளயோ ஸ்டோருக்குள்ளயோ ஒன்று வந்தால் விளக்குமாற்றைத் தூக்காதீங்க. பெரிய பால்மா டின்னைக் கவிழ்த்து, அடியில் மட்டையைத் தள்ளி, தோட்டத்து எல்லையில் இருக்கிற ஒரு பழைய மரத்தடியில் விட்டுடலாம். கையால மட்டும் தொடாதீங்க. கடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆள் சாக மாட்டார் என்று நொக்ஸ் சொல்லியிருக்கிறார்தான், ஆனால் வலியைப் பற்றியும் அவர் பொய் சொல்லவில்லை.