குறிஞ்சி பூக்கும் இடைவெளி: அறிவியல் மாநாட்டுத் தலைமையில் பெண்கள்

1987 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டின் 74ஆவது அமர்வு பெங்களூரில் கூடியது. அதன் பொதுத் தலைவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உயிரணு மரபியல் அறிஞர் அர்ச்சனா சர்மா. இம்மாநாடு 1917இலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. அதன்பின் 2020 வரை பலமுறை இங்கே கூடியிருக்கிறது. ஆனால் இந்நகரில் ஒரு பெண்ணின் தலைமையில் கூடியது 1987இல் மட்டுமே.

தேசிய அளவிலான கணக்கும் இதனினின்று அதிகம் வேறுபடுவதில்லை. 1914இல் கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் தொடங்கிய இம்மாநாட்டின் முதல் 61 அமர்வுகளில் ஒரு பெண்கூடப் பொதுத் தலைவராக இருந்ததில்லை. 1975இல் டெல்லியில் வேதியியலாளர் அசீமா சாட்டர்ஜி அந்த வரிசையை முறித்தார். அவருக்குப் பின் 1987இல் அர்ச்சனா சர்மா. 1999இல் சென்னையில் மஞ்சு சர்மா. 2012இல் புவனேஸ்வரத்தில் கீதா பாலி. 2023இல் நாக்பூரில் விஜயலட்சுமி சக்சேனா. ஆக, 108 அமர்வுகளில் ஐவர்.

இவ்வாண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டால் 12, 12, 13, 11 என வருகிறது. இதை எவரும் திட்டமிட்டு வகுத்திருக்க முடியாது. ஆயினும் நீலக்குறிஞ்சி பூப்பதற்கு ஆகும் காலமும் ஏறத்தாழ இதுவே. குறிஞ்சி அரிதாகப் பூப்பது அதன் இயற்கை. மாநாட்டுத் தலைமைக்கு அப்படியோர் இயற்கை இல்லை.

தகுதியுடைய பெண்கள் அக்காலத்தில் குறைவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அக்குறைவும் தானாக நேர்ந்ததன்று. 1933இல் பம்பாயிலிருந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திற்கு விண்ணப்பித்த கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி, பெண் என்பதற்காகவே மறுக்கப்பட்டார். மறுத்தவர் அப்போதைய இயக்குநர் சி. வி. ராமன். கமலா விடாது வாதாடியதன் பின்னரே, ஓராண்டுத் தகுதிகாண் நிபந்தனையின்பேரில் அனுமதி கிடைத்தது. 1939இல் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். வாயிலில் தடுக்கப்பட்டவர்கள் மேடையில் காணப்படாததை வியப்பென்று கொள்ள முடியாது.

தடையைக் கடந்தவர்களும் இருந்தனர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஜானகி அம்மாள், அதே ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமிக்கு 1935இலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947இல் டெல்லியில் நேரு பொதுத் தலைவராக இருந்த அமர்வில் மானுடவியல் பிரிவுக்கு ஐராவதி கார்வே தலைமை தாங்கினார். அசீமா சாட்டர்ஜி 1944இல் அறிவியல் முதுமுனைவர் பட்டமும் 1961இல் பட்நாகர் விருதும் பெற்றவர். மாநாட்டின் தலைமை அவரை வந்தடைய மேலும் 14 ஆண்டுகள் ஆயின. ஆகவே தகுதி இருந்தது, பிரிவு அளவில் அனுபவமும் இருந்தது. பொதுத் தலைமைக்கான பெயர்கள் எழுந்த இடத்தில்தான் அவர்கள் நினைவுகூரப்படவில்லை.

பதவியின் அமைப்பும் இங்கே கருதத்தக்கது. பொதுத் தலைவரின் பொறுப்பு இயல்பாக ஓராண்டுக்கானது. ஒரு பெண் தலைமையேற்று விலகியதும் வரிசை பழைய வழக்கிற்கே மீள்கிறது. 'முதல் பெண்' என்ற பாராட்டு, இரண்டாமவர் எப்போது என்னும் வினாவை மறைத்துவிடுகிறது. கீதா பாலி தலைமையேற்ற 2012 அமர்விலிருந்து மகளிர் அறிவியல் மாநாடு தனி நிகழ்வாக நடைபெற்று வந்தது. பல பெண் ஆய்வாளர்களுக்கு அது மேடை தந்திருக்கிறது. எனினும் அடுத்த பத்து ஆண்டுகளில் முதன்மை மேடையின் தலைமை ஆண்களிடமே இருந்தது. பக்கத்தில் ஒரு பந்தல் எழுந்ததால் மையப் பந்தலின் வரிசை மாறிவிடவில்லை.

பெங்களூரு கண்ட மற்றொரு நிகழ்வு இதற்கு ஒப்பீடாக அமைகிறது. 2010 ஆகஸ்டில், ஹைதராபாத்தில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் சில நாள்கள் முன்பு, பன்னாட்டுக் கணித ஒன்றியத்தின் பொதுச்சபை பெங்களூரில் கூடியது. 1920இல் தோன்றிய அவ்வமைப்பு அங்கேதான் தன் முதல் பெண் தலைவராக இங்க்ரிட் டோபஷியைத் தேர்ந்தெடுத்தது. 90 ஆண்டுத் தாமதம் பெருமைக்குரியதன்று. ஆனால் அவருக்குக் கிடைத்த பொறுப்பு நான்காண்டுக் காலத்திற்கானது, 2011 முதல் 2014 வரை. 2015இல் கணிதத்தில் பெண்களுக்கென ஒரு குழுவையும் ஒன்றியம் அமைத்தது. தனிமனிதரின் பதவி முடிந்த பின்னும் பணி தொடர்வதற்கு இத்தகைய அமைப்பு உதவுகிறது.

இந்தியாவிலும் இத்திசையில் முயற்சிகள் உள்ளன. அறிவியல் அகாதமியின் பெண்கள் குழுவில் இயற்பியலாளர் ரோகிணி கோட்போலே ஆற்றிய பணி பரவலாக அறியப்பட்டது. 2020இல் வைஷ்ணவி ஆனந்தநாராயணனும் ஸ்ருதி முரளிதரும் தொடங்கிய பயாஸ்வாட்ச் இந்தியா, ஒவ்வொரு கருத்தரங்கின் பேச்சாளர் பட்டியலையும் எண்ணி, அத்துறையில் பணியாற்றும் பெண்களின் விகிதத்தோடு ஒப்பிட்டு வெளியிடுகிறது. 'பெண்களே இல்லாத துறை' என்ற சமாதானத்தை அந்த ஒப்பீடு சோதனைக்கு உட்படுத்துகிறது.

ஆனால் பேச்சாளர்களை எண்ணுவதோடு கணக்கு முடிவதில்லை. அமைப்புக் குழுவில் யார் அமர்கிறார், அமர்வுகளை யார் நெறிப்படுத்துகிறார், தலைமைக்குரிய பெயரை முதலில் யார் முன்மொழிகிறார் என்பவற்றையும் எண்ண வேண்டும். அழைப்பிதழில் காணும் பெயர்கள் ஓராண்டின் நிலையைக் காட்டுபவை. அந்தப் பெயர்களைத் தீர்மானித்த குழுவின் பட்டியலைப் பார்த்தால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் எப்படியிருக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம்.