குறும்பர் ஓவியம்

நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பை என்னும் சிற்றூரில் ஆலுக் குறும்பர் என்னும் ஆதிகுடிகள் வழிவழியாகத் தீட்டிவரும் சித்திர மரபு. குறும்பர் என்ற பெயர் மயக்கம் தருவது. தேனி, திண்டுக்கல் பக்கங்களில் ஆட்டுமந்தை வளர்த்த குறும்பக் கவுண்டர் தொழிலாலும் வழக்கத்தாலும் வேறானவர். மலைக் குறும்பரை ஆலு, பெட்ட, ஜேனு, முள்ளு எனப் பலவாகப் பகுப்பர்; இவற்றுள் பெட்ட என்பது மலை, ஜேனு என்பது தேன், முள்ளு என்பது முள். பாலைக் குறிக்கும் ‘ஹாலு’ என்னும் கன்னடச் சொல்லே ஆலு எனத் திரிந்தது என்று கொள்வதே பொருத்தம். 

வெள்ளரிக்கொம்பைக்கு அருகேயுள்ள எழுத்துப்பாறையில் காணப்படும் புராதன ஓவியங்களைத் தம் முன்னோர் வரைந்தவை என்றே இம்மக்கள் போற்றுவர். பண்டிகைக் காலத்தில் பூசாரியும் அவர் குடும்பத்தாரும் கோயிற் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைவது சம்பிரதாயம். மரபுப்படி வர்ணம் காட்டிலிருந்தே வரும். வேங்கை மரப்பட்டையைக் கீறினால் இரத்தம்போற் கசிந்து உறையும் பிசினே செம்பழுப்பு, இலைச்சாறு பச்சை. செங்குத்தான பாறையில் தொங்கும் தேனடைகளை நோக்கிக் கொடியேணியில் இறங்கும் மெலிந்த கோட்டுருவங்களே இவ்வோவியத்தின் ஜீவன். மேகமலை, வருசநாட்டு மலைகளில் தேனெடுக்கும் பளியர் என்னும் பழங்குடியினரைக் கண்டறிந்த கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு அக்காட்சி அந்நியமாய்த் தோன்றாது.

அயலார் குறும்பரைச் சூனியக்காரர் என்று அஞ்சியதன் விளைவாக 1835இல் 48 பேர் கொலையுண்டனர். 1875, 1882 ஆகிய ஆண்டுகளிலும் கொலைகள் நிகழ்ந்தன. 1900இல் ஒரு குடும்பமே அழிக்கப்பட்டது. இச்சரித்திரத்தைக் குறித்து வைத்தவர் 1908ஆம் ஆண்டு நீலகிரி மாவட்ட விவரச்சுவடியைத் தொகுத்த பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரியேயன்றிக் குறும்பர் அல்லர். இதற்கு மாறாக, ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் ரோவர் தாமஸோ, கிம்பர்லி நிலப்பரப்பில் தம் மக்கள் பட்ட படுகொலைகளை மண்நிறக் காவிகளாலேயே தீட்டி, 1990இல் வெனிஸ் கலைக்காட்சியில் தம் நாட்டின் பிரதிநிதியாய் நின்றார்.

சுவரிலிருந்த இம்மரபைக் காகிதத்திலும் துணியிலும் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஆர். கிருஷ்ணன்; மறைவுக்குப் பின்னர், 2026இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.