சக்தி நுண்செயலித் திட்டம்

சக்தி என்பது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014-இல் தொடங்கிய நுண்செயலி வடிவமைப்புத் திட்டம். கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் நுண்கட்டுப்படுத்திகளும் இதில் அடங்கும். சேவூர் உள்ளிட்ட திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தின் இன்றைய வட்டப் பின்னல் இயந்திரங்களில் சுற்றுகளை எண்ணுவதும், நூல் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்துவதும் இத்தகைய சில்லு கொண்ட பலகைகளே.

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இப்பாடம் நெடுங்காலம் இன்டெல் 1980-இல் வெளியிட்ட 8051-ஐச் சுற்றியே இருந்தது. பின்னர் 2005-இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ பலகை வந்தது. நிரல் எழுதவும் உணரிகளை இணைக்கவும் மாணவர்கள் இவற்றில் பழகினர். சில்லின் உள்ளமைப்பைத் திருத்திப் பார்க்க மட்டும் வழியில்லை. அது நிறுவனத்தின் உடைமை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதிக்கு உரிமக் கட்டணம் கிடையாது. சக்தி குழு அதை எடுத்துக்கொண்டு, தன் வடிவமைப்பையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டது.

முதல் சில்லான ரைஸ்கிரீக் 2018-இல் ஓரிகனிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதே ஆண்டில் ரிமோ சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தில் உருவானது. அங்குள்ள 180 நானோமீட்டர் முறை பழையது. திறன்பேசிக்கு உதவாது, மின்னணுப் பூட்டுக்கும் அடையாள அட்டைக்கும் தாராளமாகப் போதும். 2020-இல் அங்கேயே செய்யப்பட்ட மௌஷிக் அத்தகைய கருவிகளுக்கானது. சில்லு கையில் இருந்தால் மட்டும் வேலை ஓடாது. மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் நினைவகமும் சேர்க்கும் பலகை வேண்டும். மௌஷிக்குக்கு அது ஆர்டோனிக்ஸ். 2020 ஆகஸ்டில் இந்திய அரசு அறிவித்த சுதேசி நுண்செயலிப் போட்டி, சக்தியையும் சி-டாக்கின் வேகாவையும் கொண்டு கருவிகள் செய்ய மாணவர்களை அழைத்தது.