மக்காச்சோளப் பாம்பின் நிற வரலாறு

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பைன் காடுகளிலும் பண்ணைக் களஞ்சியங்களிலும் எலி பிடித்து வாழும் நஞ்சற்ற பாம்பு மக்காச்சோளப் பாம்பு. ஆரஞ்சு நிற உடல், முதுகில் கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள், அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் என்பது அதன் இயற்கைத் தோற்றம். இன்று வளர்ப்போர் கையில் அது வெள்ளை, இளஞ்சிவப்பு, சாம்பல், ஊதா எனப் பல நிறங்களில் பிறக்கிறது. இந்த நிற வகைகளை அவர்கள் மார்ஃப் என்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் உருவானவை.

நிறத்தின் மீதான ஆசை மரபியல் கணக்குக்கு முன்பே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைக் கவனித்துவந்த கார்ல் காஃப்ஃபெல்ட், தென் கரோலினாவின் ஒகீட்டி வேட்டை நிலங்களில் கிடைத்த பாம்புகளைப் பற்றி 1957இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அடர்ந்த ஆரஞ்சும் அகன்ற கறுப்பு விளிம்பும் கொண்ட அவை சேகரிப்போர் மத்தியில் புகழ் பெற்றன. அழகானதை அழகானதோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் பழைய முறைதான் அங்கே நடந்தது. ஒகீட்டி என்பது ஒற்றை மரபணுவின் பெயரல்ல, ஒரு வம்சத்தின் பெயர்.

உண்மையான திருப்பம் 1953இல் வட கரோலினாவில் பிடிபட்ட ஓர் ஆண் பாம்பிலிருந்து வந்தது. அதன் உடலில் கறுப்பு என்பதே இல்லை, கண்கள் சிவப்பு. அது ஜார்ஜியா மாநிலத்தின் வால்டோஸ்டா நகரில் தோல் மருத்துவராக இருந்த பெர்னார்ட் பெக்டெலிடம் வந்து சேர்ந்தது. மனிதத் தோலின் நிறக் குறைபாடுகளைத் தொழிலாகவே அறிந்தவர் அவர். இந்தப் பாம்பு அவரிடம் போய்ச் சேர்ந்தது இந்த வரலாற்றின் நல்லூழ். 1959இல் அதைச் சாதாரணப் பெண் பாம்போடு இணைத்தார். பிறந்த குட்டிகள் எல்லாம் சாதாரண நிறத்திலேயே இருந்தன. அதோடு அவர் விட்டுவிடவில்லை. அந்தக் குட்டிகளை வளர்த்துத் தங்களுக்குள் இணைத்தபோது, 1961இல் கறுப்பற்ற குட்டிகள் முட்டையிலிருந்து வெளிவந்தன. மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து அவர் எழுதிய குறிப்பு 1962இல் ‘கோப்பியா’ என்ற ஆய்விதழில் வெளியானது. மெண்டல் பட்டாணியில் கண்ட ஒடுங்கு பண்பு பாம்பிலும் அதே விதிப்படி இறங்குகிறது என்பதை அது காட்டியது.

இதன் செயல்முறை எளிது. பாம்பின் தோலில் மெலனின் தாங்கும் செல்கள் கறுப்பையும் பழுப்பையும் தருகின்றன. வேறு செல்கள் மஞ்சளையும் சிவப்பையும் தருகின்றன. மெலனின் மட்டும் நின்றுபோனால் சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சும். சிவப்பு நின்றுபோனால் கறுப்பும் சாம்பலும் மிஞ்சும். அத்தகைய பாம்புகள் ஃபுளோரிடாவின் காடுகளிலேயே கிடைத்தன. இவ்விரு வகைகளையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுவதும் சாதாரணமாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு குட்டியும் இரண்டு குறைகளையும் மறைவாகச் சுமக்கும். அவற்றைத் தங்களுக்குள் இணைத்தால் சராசரியாகப் பதினாறில் ஒன்று இரண்டு குறைகளும் வெளிப்பட்டு, வெண்மையும் வெளிர் இளஞ்சிவப்புமாகப் பிறக்கும். ‘ஸ்நோ’ என்று பெயர் பெற்ற இந்த வகை 1970களில் வந்தது. ஒரு பெண் பாம்பு ஒரு முறை இடுவது பத்து முதல் இருபது முட்டை வரைதான். முதிர்ச்சி அடைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே ஸ்நோவைப் பெற அதிர்ஷ்டமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

தேர்வு எப்போதும் இலவசமாக வரவில்லை. முதுகுத் திட்டுகள் மங்கி உடல் முழுதும் செந்நிறமாகும் ‘பிளட்ரெட்’ வகையை, வடக்கு ஃபுளோரிடாவிலிருந்து வந்த சில பாம்புகளைக் கொண்டு நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கினார்கள். தொடக்ககால வம்சங்களில் குட்டிகள் எலியைத் தொட மறுத்தன. பிற வம்சங்களின் இரத்தத்தைக் கலந்த பிறகே நிலைமை தேறியது.

1990களில் வணிகத்தின் கவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்புக்குத் திரும்பியது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியான பாம்புகளில் வித்தியாசமானவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்த்தார்கள். பாம்பு வளர்ப்பாளரான பாப் கிளார்க் 1992இல் வளர்ப்பில் முதல் வெளிறிய குட்டிகளைப் பெற்றார். சாதாரணப் பாம்பைவிடப் பல மடங்கு விலை கிடைத்ததால், ஒற்றைப் பாம்பு ஒரு முதலீடாகவே பார்க்கப்பட்டது.

ஆய்வுக்கூடங்கள் பின்னர்தான் வந்தன. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கறுப்பற்ற மக்காச்சோளப் பாம்பின் ஓசிஏ2 மரபணுவுக்குள் தாவும் இயல்புள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதை முடக்கியிருப்பதைக் கண்டார்கள். மனிதரில் ஒரு வகை வெளிறல் நோய்க்குக் காரணமானதும் அதே மரபணுதான். 2022இல் மிச்சிகனில் ஓர் ஆய்வுக்குழு, வளர்ப்போர் அனுப்பிவைத்த பாம்புச் சட்டைகளிலிருந்தே டிஎன்ஏ எடுத்து, பந்து மலைப்பாம்பின் மூன்று நிற வகைகளுக்கான மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தது. பாம்புக்கு ஊசி முனையளவு வலியும் இல்லை. வணிகம் அறிவியலுக்குத் திருப்பிச் செலுத்திய நல்ல கடன் இது.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கம் ‘ஸ்பைடர்’ வகை. 1999இல் வளர்ப்பில் பெருகத் தொடங்கிய இந்தப் பந்து மலைப்பாம்பு மெல்லிய வலைப்பின்னல் போன்ற கோலத்தால் பெரும் விலைக்குப் போனது. ஆனால் இதன் தலை ஆடும், சமநிலை தவறும். சில பாம்புகள் இரையைக் குறிபார்த்துக் கொத்தவும் திணறும். 2022இல் வெளியான நுண் ஊடுகதிர் ஆய்வு, அவற்றின் உள்காதின் வடிவமே பிறழ்ந்திருப்பதைக் காட்டியது. கோலமும் குறையும் ஒன்றாகவே இறங்குவதால், எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வளர்ப்போரால் இதுவரை முடியவில்லை. பிரிட்டனின் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் இதன் விற்பனையைத் தடைசெய்தது. பிற சந்தைகளும் அதே முடிவை எடுக்க வேண்டும்.