ஸ்டாண்ட் மிக்சரின் சாறு பிழியும் இணைப்பு: ஒரு வரலாறு

பழச்சாறு பிழியும் வரிப்பள்ளக் கூம்பு, மின்மோட்டாருக்கு முன்பே அமெரிக்க வீடுகளில் இருந்தது. கலிபோர்னியாவில் ஆரஞ்சு விளைச்சல் தேவையை மிஞ்சியபோது, பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு 1916-இல் 'ஆரஞ்சைக் குடியுங்கள்' என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. சன்கிஸ்ட் பெயர் பொறித்த கண்ணாடிப் பிழிவான்களையும் அது விற்றது. ஒரு பழத்தை உரித்து உண்பவர், ஒரு குவளைச் சாற்றுக்கு இரண்டு மூன்று பழங்களை வாங்க வேண்டியிருந்தது.

அவ்வளவு பழங்களையும் நாள்தோறும் கையால் திருகுவது எளிதன்று. இதற்கு மிக்சர் வழிகாட்டியது. 1919-இல் கிச்சன்எய்ட் மிக்சர் வீடுகளுக்கு வந்தது. 1930-இல் ஐவர் ஜெப்சன் வடிவமைத்த சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் விற்பனைக்கு வந்தது. மிக்சரில் விலை மிகுந்த பகுதி மோட்டார். அந்த ஒரே மோட்டாரால் மாவு பிசையவும் இறைச்சி அரைக்கவும் சாறு பிழியவும் தனித்தனி இணைப்புகள் உருவாயின.

இதில் பழம் அசையாது, கூம்புதான் சுழலும். பாதியாக வெட்டிய பழத்தைக் கை அழுத்திப் பிடித்தால் போதும். விதையும் சக்கையும் வடிகட்டியில் தங்கிவிடும். ஆயினும் கையின் பக்குவம் இன்றும் தேவை: அளவுக்கு மீறி அழுத்தினால் தோலின் உட்புற வெண்பகுதியும் அரைபட்டுச் சாறு கசக்கும்.