உடற்பருமன் குறைக்கும் சத்திரசிகிச்சை: செலவும் பின்பராமரிப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

கி.பி. பத்தாம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினின் வடபாகத்தில் அமைந்திருந்த லெயோன் இராச்சியத்தை முதலாம் சாஞ்சோ என்னும் மன்னன் ஆண்டான். 'பருத்தவன்' என்பது அவனுக்கு வழங்கிய அடைமொழி. குதிரை ஏறவும் வாளேந்தவும் இயலாத அளவுக்கு அவனுடல் பருத்திருந்தமையால், பிரபுக்கள் 958ஆம் ஆண்டில் அவனை அரியணையினின்றும் நீக்கினர். அவனுடைய பாட்டியாகிய தோதா அரசி, பகைநாடாகக் கருதப்பட்ட கோர்தோபாவுக்கே அவனை இட்டுச் சென்றாள். அங்கு கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையிலிருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத வைத்தியர் அவனுக்குச் சிகிச்சையளித்தார். மன்னன் மெலிந்தான், கலீபாவின் படைத்துணையுடன் அரியணையையும் மீட்டான். ஆயின், இவ்வுதவிகளுக்கு விலையாகத் தன் எல்லைக்கோட்டைகள் பத்தினைக் கொடுப்பதாக அவன் வாக்களித்திருந்தான் என வரலாற்றாசிரியர் கூறுவர். வாக்கை நிறைவேற்ற அவன் பின்வாங்கியமை அடுத்து வந்த பூசல்களுக்கு ஏதுவாயிற்று.

உடலை மெலிவித்தற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலை சிகிச்சை முடிந்த பின்னரே முழுமையாகக் கேட்கப்படும் என்பதையும் இப்பழைய நிகழ்ச்சி உணர்த்துகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய உடற்பருமன் குறைக்கும் சத்திரசிகிச்சையின் வரலாறும் இவ்வுண்மையையே வேறொரு வகையில் எடுத்துக்காட்டுகின்றது. சத்திரசிகிச்சையின் நுட்பங்களை ஆராய்தல் மருத்துவ பீடத்தார்க்குரிய பணியாகும். ஆயினும், ஒரு சிகிச்சைமுறை எவ்வாறு தோன்றியது, அதன் பயனை யார் பெற்றனர், அதன் விலையை யார் செலுத்தினர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவர்க்கும் உரியன. அவ்வினாக்களை முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

தொடக்கமும் தோல்வியும்

1952இல் சுவீடன் நாட்டின் கோதன்பேர்க் நகரைச் சேர்ந்த விக்டர் ஹென்றிக்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், பருத்த பெண்ணொருத்தியின் சிறுகுடலில் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்தை வெட்டி அகற்றியமை பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். பருமனுக்குச் சிகிச்சையாகச் சிறுகுடலை வெட்டியகற்றுதல் நியாயப்படுத்தத்தக்கதா என்பதே அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். நோயற்ற குடலொன்றை வெட்டியவர் தம் செயலை ஒரு வினாவாகவே உலகின்முன் வைத்தார் என்பது கருதத்தக்கது. பின்வந்தோர் பலர் விடையை எழுதினர், வினாவை மறந்தனர்.

1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கிறெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் குடலை வெட்டியகற்றாது, அதன் பெரும்பகுதியை உணவுப்பாதையினின்றும் விலக்கி இணைக்கும் முறையை வெளியிட்டனர். உணவு உறிஞ்சப்படும் பரப்பைக் குறைப்பின், உண்பவர் எவ்வளவு உண்டாலும் உடல் மெலியும் என்பதே இதன் அடிப்படை. 1956 தொடக்கம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பெயின், டிவின்ட் ஆகியோர் ஒருபடி மேற்சென்று, சிறுகுடலின் மேற்பகுதியை நேரே பெருங்குடலுடன் இணைத்தனர். நோயாளர் மெலிந்தது உண்மையே. ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், உடலின் நீரும் உப்புக்களும் சமநிலையிழந்தமையும் அவர்களை வாட்டின. இணைப்பை மீளவும் பழைய நிலைக்கு மாற்றிய பின்னர் இழந்த எடை திரும்பியது. இதனாற் பெருங்குடலுடன் இணைக்கும் முறையைக் கைவிட்ட அவர்கள், 1969இற் புதியதோர் அளவை வகுத்தனர். சிறுகுடலின் மேற்பகுதியில் 14 அங்குலமும் கீழ்ப்பகுதியில் 4 அங்குலமும் உணவுப்பாதையில் விடப்பட்டன. பல மீற்றர் நீளமான எஞ்சிய குடல் பயனற்றுக் கிடந்தது.

இம்முறை 1970களில் அமெரிக்காவிற் பெருவழக்காயிற்று. உணவைக் குறைக்கவேண்டியதில்லை என்னும் கவர்ச்சியே இதன் வெற்றிக்குக் காரணம் எனலாம். ஆயின், ஆண்டுகள் செல்லச் செல்ல விலைப்பட்டியல் நீண்டது. உறிஞ்சப்படாத கொழுப்புக் கல்சியத்தைப் பற்றிக்கொண்டமையால், உணவிலுள்ள ஒட்சலேற்றுக் கட்டுப்பாடின்றி இரத்தத்திற் கலந்து சிறுநீரகக் கற்களை உண்டாக்கியது. பயனற்றுக் கிடந்த குடற்பகுதியிற் பக்றீரியாக்கள் பெருகி மூட்டுவாதத்திற்கு வழிவகுத்தன. சிலருக்கு ஈரல் பழுதடைந்தது; அதனால் இறந்தோரும் உளர். இவற்றுள் முதலாண்டிலேயே தோன்றியவை சில. பல ஆண்டுகள் கழித்துத் தோன்றியவை பல. சத்திரசிகிச்சை செய்தவரை விட்டு நோயாளர் நெடுந்தொலைவு சென்றுவிட்ட பின்னரே அவர்தம் சிறுநீரகமும் ஈரலும் பழுதுறலாயின. 1980ஆம் ஆண்டளவில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குட்பட்டோரின் குடல்கள் அவ்வாறே இருந்தன. கைவிடப்பட்டது முறை மட்டுமன்று. அம்முறையைச் சுமந்துகொண்டிருந்த மனிதருட் பலருங்கூட எனின் மிகையாகாது.

அயோவா தந்த பாடம்

இதே காலப்பகுதியில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் வேறொரு வழியிற் சிந்தித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டோர் மெலிந்த நிலையிலேயே இருப்பதை அவர் கண்டார். அதன் அடிப்படையில் 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். 1967இல் மேசனும் இற்றோவும் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டனர். உண்ணும் அளவைக் கட்டுப்படுத்துவதே இங்கு முதன்மை பெற்றது. 1980இல் மேசன் இரைப்பையைத் தையலூசிகளாற் பிரித்து வளையமிடும் எளிய முறையொன்றையும் உருவாக்கினார். இத்தாலியின் ஜெனோவா நகரில் ஸ்கொப்பினாரோ 1976இல் தொடங்கிய பித்தநீர், கணையநீர் திசைதிருப்பும் முறையும், குஸ்மாக் 1986இல் அறிமுகப்படுத்திய, இறுக்கவும் தளர்த்தவும் கூடிய இரைப்பைப் பட்டியும் அடுத்தடுத்து வந்தன. 1994இல் விற்றுகுறோவ், கிளார்க் ஆகியோர் வயிற்றைப் பெரிதாகத் திறவாது சிறுதுளைகளினூடாக இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைச் செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று உலகிற் பெருவழக்காகவுள்ளது இரைப்பையைக் குழாய்வடிவிற் குறைக்கும் முறையாகும்.

மேசனின் பெருமை அவர் கண்ட முறைகளோடு நிற்கவில்லை. நோயாளரின் விவரங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டும் பதிவேடு ஒன்றினை 1980களின் நடுப்பகுதியில் அவர் அயோவாவில் அமைத்தார். கத்தியை வைத்தபின் கணக்கை மூடிவிடலாகாது என்பதே அப்பதிவேட்டின் உட்பொருள். இத்துறையின் வரலாற்றில் எந்தப் புதிய சத்திரசிகிச்சை முறைக்கும் குறையாத முக்கியத்துவம் இப்பதிவேட்டிற்கு உண்டு.

பயனும் செலவும்

இச்சிகிச்சையின் தீங்குகளை மட்டும் எடுத்துரைத்தல் நடுநிலையாகாது. 1987இற் சுவீடனில் தொடங்கிய பேராய்வு இதற்குத் தக்க சான்றாகும். சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரும் வழமையான சிகிச்சை பெற்ற 2037 பேரும் அதில் ஒப்புநோக்கப்பட்டனர். சராசரி ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்ததன் பின் 2007இல் முடிவு வெளியாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றோரில் 101 பேரும் மற்றையோரில் 129 பேரும் இறந்திருந்தனர். பத்தாண்டுகளின் பின்னும் இரைப்பை மாற்றுவழி பெற்றோர் தம் எடையிற் சராசரி 25 வீதம் குறைந்தவராகவே இருந்தனர். நீரிழிவுற்றோரில் 72 வீதத்தினர் இரண்டாம் ஆண்டில் அந்நோயினின்றும் விடுபட்டிருந்தனர். எனினும், பத்தாம் ஆண்டில் அத்தொகை 36 வீதமாகக் குறைந்தது. இவ்விரு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதலாவதை மட்டும் கூறுவோர் விளம்பரம் செய்கின்றனர். இரண்டாவதை மட்டும் கூறுவோர் அச்சமூட்டுகின்றனர்.

செலவு பற்றியும் அவ்வாய்வு தெளிவு தருகின்றது. சத்திரசிகிச்சை பெற்றோர் முதல் ஆறாண்டுகளில் மற்றையோரிலும் அதிகமாக வைத்தியசாலைச் சேவையைப் பயன்படுத்தினர். அதன்பின் அவ்வேறுபாடு மறைந்தது. ஏழாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை அவர்களுடைய மருந்துச் செலவு மற்றையோரிலும் குறைவாக இருந்தது. எனவே, இச்சிகிச்சை ஒருமுறை பணங் கொடுத்து முடிக்கும் வாணிபம் ஆகாது. செலவு முன்னே வருகின்றது. ஆதாயம் பின்னே, அதுவும் பராமரிப்புத் தொடர்ந்தால் வருகின்றது.

அமெரிக்காவில் இவ்வுண்மை காப்புறுதியின் பிரச்சினையாக வடிவெடுத்தது. 1991இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு, உடற்றிணிவுச் சுட்டி 40க்கு மேற்பட்டோரும், கடும் நோய்களுடன் 35க்கு மேற்பட்டோரும் இதற்குத் தகுதியுடையோர் எனக் கருதியது. ஆயுள் முழுவதும் மருத்துவ மேற்பார்வை வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. 2006இல் முதியோர்க்கான அரச காப்புறுதி, தரச்சான்று பெற்ற நிலையங்களிற் செய்யப்படும் சத்திரசிகிச்சைக்கு மட்டும் பணஞ் செலுத்த முன்வந்தது. 2013இல் நிலையம் பற்றிய அந்நிபந்தனை நீக்கப்பட்டது. காப்புறுதியற்றோருட் பலர் குறைந்த செலவை நாடி மெக்சிக்கோவுக்குச் செல்கின்றனர். பிரித்தானியரிற் பலர் துருக்கி செல்கின்றனர். அங்கு சத்திரசிகிச்சை மலிவாகக் கிடைக்கின்றது. விமானமேறித் திரும்பியபின் அவர்களைப் பார்ப்பவர் யார் என்பதே வினா. பிரித்தானியாவில் 2014இல் வகுக்கப்பட்ட நெறிமுறை, சத்திரசிகிச்சை செய்த நிலையமே குறைந்தது ஈராண்டுகள் நோயாளரைக் கவனித்தல் வேண்டும் என்றும், அதன்பின் ஆண்டுக்கொருமுறையேனும் பரிசோதனை தொடரவேண்டும் என்றும் கூறுகின்றது. மலிவு விலையில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இவ்வீராண்டுகளே.

பின்பராமரிப்பின் பொருள்

பின்பராமரிப்பு என்பது தையல் பிரித்து அனுப்புதலன்று. இரைப்பையும் குடலும் மாற்றப்பட்டவருக்கு இரும்புச்சத்து, கல்சியம், பி12, டி ஆகிய விற்றமின்கள் முதலியன குறையும். ஆகவே அவர் ஆயுள் முழுவதும் அவற்றை மாத்திரையாகவோ ஊசிமூலமோ பெறுதல் வேண்டும்; குருதிப் பரிசோதனையும் ஒழுங்காகச் செய்தல் வேண்டும். இடைவிடாது வாந்தியெடுப்பவருக்குத் தயமின் என்னும் பி1 விற்றமின் சில வாரங்களிலேயே தீர்ந்து, மூளை நிரந்தரமாகப் பழுதுறக்கூடும். உரிய வேளையிற் கொடுக்கப்படும் தயமின் இதனைத் தடுக்கும். அறிந்தவர் ஒருவர் அருகிலிருத்தலே இங்கு உயிர்காக்கும் மருந்தாகின்றது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். இச்சிகிச்சை பெறுவோரிற் பெரும்பான்மையோர் பெண்களாதலால் இவ்வறிவுரை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

உள்ளத்தின் பராமரிப்பு பெரும்பாலும் புறக்கணிக்கப்படுவதொன்று. அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வில், இரைப்பை மாற்றுவழி பெற்றோரின் மொத்த இறப்பு 40 வீதம் குறைந்திருந்தது. ஆனால், விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாக் காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 வீதம் கூடியிருந்தது. இச்சத்திரசிகிச்சையின் பின் மதுபானம் விரைந்து குருதியிற் கலப்பதும், சிலர் அதற்கு அடிமையாவதும் அறியப்பட்டுள்ளன. இதயநோயினின்றும் காக்கப்பட்ட ஒருவர் உளச்சோர்வுக்குப் பலியாவாராயின், அக்கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது? உடல் மெலிந்தால் வாழ்வின் துயரெல்லாம் மெலியும் என்னும் நம்பிக்கையை நோயாளருக்கு ஊட்டுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இரைப்பைப் பட்டியின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. 2001இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற அப்பட்டி, எளிமையானது, நீக்கக்கூடியது எனப் போற்றப்பட்டது. தோலின் கீழ் வைக்கப்பட்ட வாயிலூடாக உப்புநீரை ஏற்றியும் இறக்கியும் அதனை அடிக்கடி சரிசெய்தல் வேண்டும். சத்திரசிகிச்சை எளிதாயிற்று, பராமரிப்புக் கடினமாயிற்று. பட்டி வழுவியும் இரைப்பையை அரித்தும் மறுசத்திரசிகிச்சைகள் பெருகவே, அதன் செல்வாக்குக் குன்றியது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஆசிய மக்கள் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. அதற்கியைய, 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் ஆசியருக்கு 27.5 என்னும் உடற்றிணிவுச் சுட்டியிலிருந்தே இச்சிகிச்சையைக் கருத்திற்கொள்ளலாம் என்கின்றது. வாசல் அகலத் திறந்துள்ளது. ஆகவே, உள்ளே செல்வோர் எதற்கு இசைகின்றனர் என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமையும் கூடியுள்ளது.

இலவச சுகாதார சேவையைப் பேணிவரும் நம் நாட்டில், சத்திரசிகிச்சைக் கூடத்தின் செலவை மட்டும் மதிப்பிட்டால் அது அரைக்கணக்காகவே முடியும். தூர மாவட்டமொன்றிலிருந்து பரிசோதனைக்காக ஆண்டுதோறும் பேருந்தேறும் பெண்ணின் பயணச் செலவும், அவள் இழக்கும் நாட்கூலியும், நாள்தோறும் விழுங்கும் மாத்திரையின் விலையும், தட்டு நிறையச் சோறுண்ணும் குடும்பத்தின் நடுவே தான்மட்டும் சிறுகிண்ணத்தில் உண்ணவேண்டிய தனிமையும் அக்கணக்கிற் சேரவேண்டியன. இவற்றைத் தாங்க அவளுக்குத் துணை உண்டாயின், சத்திரசிகிச்சை அவளுக்கு நல்வாழ்வைத் தரலாம். சுவீடனின் சான்று அதனை உறுதிப்படுத்துகின்றது. துணை இல்லையாயின், 1970களில் மெலிந்து, பின் மறக்கப்பட்டோரின் நிலையே மீண்டும் நேரும்.

ஹென்றிக்சன் 1952இல் எழுப்பிய வினாவுக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் விடை காண இயலாது. பத்தாண்டுகளின் பின்னரும் அந்நோயாளரின் பெயரை அறிந்து, அவரை அழைத்துப் பரிசோதிக்க ஒருவர் இருக்கின்றாரா என்பதைப் பொறுத்தே அவ்விடை அமையும். அத்தகைய ஒருவரை ஏற்பாடு செய்த பின்னரே கத்தியை எடுத்தல் தகும் என்பதே இவ்வரலாறு தரும் துணிபாகும்.